போர் மோட்டார் கன்ட்ரோலர்: 2ஜி போதுமா, 4ஜிக்குப் போகணுமா, லோராவா?

கோரையாறு கேட்டது:

நீடாமங்கலம், வலங்கைமான், மன்னார்குடி பக்கத்து போர் மோட்டார்களுக்கு ஒரு மொபைல் கன்ட்ரோலர் வடிவமைக்கிறோம். 5 எச்பி முதல் 10 எச்பி வரை, பெரும்பாலும் நீர்மூழ்கி மோட்டார். இருக்கிற ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் பக்கத்தில் இன்னொரு பெட்டியாக மாட்ட வேண்டும். இப்போதைய மாதிரியில் ஈஎஸ்பி32 (கட்டுப்படுத்தும் சிப்), சிம்800எல் (2ஜி சிம் மாட்யூல்), இரண்டு நீல ரிலே, ஒரு பேஸில் மட்டும் கரன்ட் சென்சார். எம்க்யூடிடி (கருவிகள் இணையத்தில் செய்தி பரிமாறும் முறை) வழியாக கிளவுட், அங்கிருந்து ஆண்ட்ராய்டு ஆப்.

மூன்று இடத்தில் இழுபறி. சிம்800எல் மலிவு, ஆனால் 2ஜி. புதுசாகத் தொடங்குகிறவன் 2ஜியில் தொடங்கலாமா? அல்லது 4ஜி கேட்-1 (கருவிகளுக்கான குறைந்த வேக 4ஜி) மாட்யூலா, இல்லை ஊருக்கு ஒரு கேட்வே வைத்து லோராவா (சிம் இல்லாமல் தூரம் போகும் ரேடியோ)? அடுத்து, குழுவில் ஒருவர் ஆப் போதும் என்கிறார், இன்னொருவர் மிஸ்டு கால் இல்லாமல் பெட்டி விற்காது என்கிறார். கடைசியாக, பணம் போட வருகிறவர்கள் “இதில் ஏஐ எங்கே, மாதச் சந்தா எங்கே” என்கிறார்கள். மோட்டார் கொட்டகையில் நின்று பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டார்_டெல்டா:

தம்பி, நெட்வொர்க் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்த நீல ரிலே. அதன் மேலேயே 10 ஆம்ப், 250 வோல்ட் ஏசி என்று அச்சடித்திருக்கும். நம் ஊர் ஸ்டார்ட்டரில் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சு) காயில் பெரும்பாலும் இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் இருக்கும். ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக அந்த ரிலேயைக் கட்டினால் மோட்டார் நிற்கிற நேரமெல்லாம் அதன் முனைகளுக்கு இடையே 415 நிற்கும். மேசையில் ஓடும், கொட்டகையில் கொஞ்ச நாளில் முனை ஒட்டிக்கொள்ளும். 440 வோல்ட் தாங்கும் துணை ரிலே ஒன்றை நடுவில் போடுங்கள். காயிலுக்குக் குறுக்கே ஆர்சி ஸ்னப்பர் (தீப்பொறியை அடக்கும் ரெசிஸ்டர்-கபாசிட்டர் ஜோடி) அவசியம். அதன் கபாசிட்டர் 440 வோல்ட் ஏசி தரத்தில் இருக்கட்டும், 275 வோல்ட் எக்ஸ்2 வேண்டாம்.

வயரிங்: ஸ்டார்ட் ரிலே பச்சைப் பட்டனுக்கு இணை, ஒன்றரை விநாடி துடிப்பு போதும். ஸ்டாப் ரிலே சிவப்புப் பட்டனோடு தொடர், சாதாரண நிலையில் மூடியிருக்கும் முனையில். உங்கள் பெட்டி செத்துப்போனாலும் பட்டனை அமுக்கி ஓட்ட முடிய வேண்டும், அதுதான் கணக்கு. கைப்பிடி இழுத்துப் போடும் பழைய ஸ்டார்-டெல்டா இருக்கிற இடத்தில் உங்கள் பெட்டி வேலைக்கு ஆகாது. அதை விற்பனைக்குப் போகிற பையனிடம் முதலிலேயே சொல்லி அனுப்புங்கள்.

இனி கரன்ட் சென்சார். ஒரு பேஸ் போதாது, மூன்றும் வேண்டும். பேஸ் இருக்கிறதா இல்லையா என்று வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் எல்லோரும் மாட்டுவது இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரில் ஒரு பேஸ் போய்விட்டால், சுற்றும் மோட்டாரே அந்த முனையில் கிட்டத்தட்ட முழு வோல்டேஜைத் திருப்பிக் காட்டும். மீட்டரில் மூன்று பேஸும் நன்றாகத் தெரியும். மீதி இரண்டு காயில் அதற்குள் வெந்துகொண்டிருக்கும். பக்கத்துக் கொல்லையில் யாராவது கன்டென்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டினால் இன்னும் வேடிக்கை. செத்த பேஸ் உயிரோடு இருப்பதுபோல உங்கள் பெட்டிக்குத் தெரியும்.

ஆகவே இரண்டு சோதனை. மோட்டார் நிற்கும்போது மூன்று பேஸின் ஜீரோ கிராசிங் (அலை பூஜ்யத்தைக் கடக்கும்) நேரத்தை அளக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றுக்கும் இடையே 6.67 மில்லி விநாடி வர வேண்டும். கணிசமாக விலகினால் ஸ்டார்ட் கொடுக்கக் கூடாது. வரிசை மாறியிருந்தாலும் இதிலேயே தெரியும். லைனில் வேலை பார்த்து ஜம்பரை மாற்றிக் கட்டிவிட்டுப் போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் நூலாக வரும். ஓடும்போது கரன்ட்டைப் பார்க்க வேண்டும். ஒரு பேஸ் மற்ற இரண்டில் பாதிக்குக் கீழே போய் 2 விநாடி நின்றால் ஆஃப்.

வோல்டேஜ் எடுக்கும் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் பாகம்) பக்கம் ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள். சாதாரண கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது 250 வோல்ட்தான். மூன்றைத் தொடராகப் போடுங்கள்.

வறட்டு ஓட்டம் பற்றி. 5 எச்பி மோட்டார் முழுச் சுமையில் சுமார் 7.5 ஆம்ப் இழுக்கும். 60 சதவீதத்துக்குக் கீழே போனால் தண்ணீர் இல்லை என்று வைப்பது வழக்கம். ஆனால் சுமை இல்லாத மோட்டாரும் காந்தப்புலத்துக்காக ஒரு நல்ல பங்கு கரன்ட் இழுக்கும். ராத்திரியில் வோல்டேஜ் ஏறினால் அந்தப் பங்கும் ஏறும். அப்போது போரில் தண்ணீர் இல்லாமலே ஆம்ப் உங்கள் எல்லைக்கு மேலே நிற்கும். கரன்ட்டைவிட பவர் பேக்டர் (இழுக்கும் கரன்ட்டில் வேலைக்குப் போகும் பங்கு) நம்பகமானது. தண்ணீர் போனதும் அது சடாரென்று விழும். ஏடிஎம்90இ32 மாதிரி மூன்று பேஸ் மீட்டரிங் சிப் போட்டால் வோல்டேஜ், கரன்ட், பவர் பேக்டர், பேஸ் கோணம் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். மாட்டுகிற அன்று தண்ணீர் சீராக வந்த பிறகு ஒரு பட்டனை அமுக்கி அந்த மோட்டாரின் இயல்பு அளவைப் பதியச் செய்யுங்கள். எல்லா மோட்டாருக்கும் ஒரே எண்ணைக் குறியீட்டில் எழுதி வைப்பது சரிவராது. வறட்டில் நின்ற மோட்டாரை அரை மணி நேரமாவது திரும்ப எடுக்க விடாதீர்கள், போர் ஊற வேண்டும்.

வரப்புத்தவளை:

மேலே சொன்னதோடு சேர்த்து, பவர் சப்ளை பற்றி: நியூட்ரலை நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரல் கழன்றால் 230க்கு வடிவமைத்த சப்ளை மாட்யூலுக்கு 400க்குப் பக்கத்தில் ஏறலாம். 275 வோல்ட் வேரிஸ்டர் (அதிக வோல்டேஜை உறிஞ்சும் பாகம்) வெடித்துத் திறக்கும், பின்னால் மாட்யூலும் போகும். மூன்று பேஸிலிருந்தும் ஆறு டையோடில் டிசி எடுத்து, அந்த உயர் வோல்டேஜில் ஓடும் சப்ளைக்குக் கொடுங்கள். ஒரு பேஸ் போனாலும் பெட்டி உயிரோடு இருந்து “பேஸ் போச்சு” என்று சொல்ல முடியும். வேரிஸ்டர் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே என்றால் 510 வோல்ட் ஏசி தரம், 20டி821கே.

இப்போது 2ஜி, 4ஜி. சிம்800எல்லுக்கு எதிராக நான் சொல்வது அது பழசு என்பதால் அல்ல. ஜியோவில் 2ஜி கிடையவே கிடையாது. விவசாயி வீட்டில் இருக்கும் உபரி சிம் ஜியோவாக இருந்தால் உங்கள் பெட்டி அதே நிமிடம் செங்கல். 2ஜியை எப்போது குறைப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. மோட்டார் பெட்டியோ பல வருடம் சுவரில் தொங்கும். 4ஜி கேட்-1, கீழே 2ஜிக்கும் இறங்கக்கூடிய மாட்யூல் எடுங்கள். ஏ7672எஸ், ஈசி200யு இரண்டும் அந்த வகை.

எடுக்கும் முன் பேண்டு (அலைவரிசை எண்) பட்டியலைப் படியுங்கள். ஜியோ 3, 5, 40. பிஎஸ்என்எல்லின் புதிய 4ஜி 700 மெகாஹெர்ட்ஸில் பேண்டு 28, கூடவே பேண்டு 1. மலிவான மாட்யூல் பலவற்றில் 28 இருக்காது. கிராமத்துக்குள் தூரமாக வருவது அந்த 700தான். ஒரே மாட்யூல் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்து மாறினால் பேண்டும் மாறும். கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார், நம்பாதீர்கள். குரல் அழைப்பு வேண்டுமென்றால் வோல்ட்இ (4ஜியிலேயே குரல் அழைப்பு) உள்ள பதிப்பா என்று தனியாகக் கேட்க வேண்டும். டேட்டா மட்டும் வரும் பதிப்பும் அதே விலைப் பட்டியலில் இருக்கும்.

2ஜியிலேயே நிற்பதானால், சிம்800எல் அனுப்பும் நொடியில் 2 ஆம்ப் வரை இழுக்கும், வோல்டேஜ் 3.4க்குக் கீழே இறங்கினால் தானாக ரீசெட் ஆகும். மாட்யூலின் காலடியிலேயே 1000 மைக்ரோபேரட் கபாசிட்டர், குறைந்த ஈஎஸ்ஆர் (உள் தடை) உள்ளதாக. “சிக்னல் வந்து வந்து போகுது” என்கிற புகாரில் பாதி சிக்னலே அல்ல, இந்த வோல்டேஜ் சரிவுதான். மீதிப் பாதி, தகரப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைத்து மூடுவது. வெளியே எடுங்கள். சிஎஸ்க்யூ (மாட்யூல் காட்டும் சிக்னல் எண்) 10க்குக் கீழே இருந்தால், அதாவது மைனஸ் 93 டிபிஎம்முக்குக் கீழே, கொட்டகைக் கூரைக்கு மேல் ஏற்றாமல் மாட்டிவிட்டு வராதீர்கள்.

பேட்டரி: “கரன்ட் போச்சு” என்று சொல்ல ஒரு செல் வேண்டும்தான். சாதாரண லித்தியம் அயானை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் தகரப் பெட்டி அதைத் தாண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் போடுங்கள். அது 3.2 வோல்ட் என்பதால் மாட்யூலுக்கு பூஸ்ட் கன்வெர்ட்டர் சேர்க்க வேண்டும்.

லோரா பற்றி. மோட்டாருக்கு அது தேவையில்லை, வயலுக்குத் தேவைப்படலாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம், கருவிக்கு டபிள்யூபிசி (மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவு) வகை ஒப்புதல் மட்டும் வாங்க வேண்டும். டெல்டா தட்டையான நிலம், ரேடியோ பறக்கும் என்று நினைப்பார்கள். 2 கிலோமீட்டர் இணைப்பின் நடுவில் பிரெனல் வளையத்தின் (ரேடியோ அலை தடையில்லாமல் போக வேண்டிய இடம்) ஆரம் 13 மீட்டர். அதில் 60 சதவீதமாவது வெட்டவெளியாக இருக்க வேண்டும், அதாவது இரண்டு முனையும் ஏறத்தாழ 8 மீட்டர் உயரம். வரப்பில் ஒரு மீட்டர் குச்சியில் நட்டால் மூங்கில் கொத்தும் தென்னந்தோப்பும் மறித்துவிடும். தூரம் வேண்டுமென்று எஸ்எப்12க்கு (லோராவின் மிக மெதுவான வேகம்) போனால் 20 பைட் செய்திக்கு 1.3 விநாடி காற்றில் ஓடும். எஸ்எப்10 என்றால் சுமார் 370 மில்லி விநாடி. ஒரே ஊரில் நிறையப் பெட்டி வந்ததும் இந்த வித்தியாசம் உறைக்கும்.

கடைமடை:

மேலே இருவரும் வன்பொருளை முடித்துவிட்டார்கள். நான் மென்பொருளில் ஆள் சாகக்கூடிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எம்க்யூடிடியில் கட்டளையை ரீட்டெயின் செய்யாதீர்கள், அதாவது சர்வரில் தக்கவைக்காதீர்கள். காலை 6 மணிக்கு அனுப்பிய “ஆன்” புரோக்கரில் (செய்தியை வாங்கிக் கொடுக்கும் சர்வர்) உட்கார்ந்திருக்கும். மத்தியானம் கரன்ட் வந்து பெட்டி இணைந்ததும் அதை எடுத்து விழுங்கி மோட்டாரைப் போடும். அந்நேரம் யாரோ ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். எஸ்எம்எஸ்ஸிலும் இதே கதைதான், பெட்டி அணைந்திருந்தபோது வந்த செய்தியை நெட்வொர்க் பிடித்து வைத்திருந்து பிறகு கொடுக்கும். ஒவ்வொரு கட்டளையிலும் நேரமுத்திரையும் ஆயுளும் இருக்கட்டும். 2 நிமிடத்துக்கு மேல் பழைய “ஆன்” செல்லாது. “ஆஃப்” மட்டும் எவ்வளவு பழசானாலும் செல்லும்.

க்யூஓஎஸ் 1 (செய்தியை ஒருமுறையாவது சேர்த்தே தீரும் நிலை) என்றால் ஒரே செய்தி இருமுறை வரலாம். ஆகவே “நிலையை மாற்று” என்ற கட்டளையே இருக்கக் கூடாது. “ஆன் ஆகு”, “ஆஃப் ஆகு” மட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். மிஸ்டு கால் கொடுத்தால் ஆன், மறுபடி கொடுத்தால் ஆஃப் என்று வைப்பதும் இதே தப்புதான். ரிங் போனது அனுப்பியவருக்குத் தெரியும், மோட்டார் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாது.

ஆப்பில் “ஆன்” என்று பச்சை காட்டுவது ரிலே அடித்ததை வைத்து அல்ல, மூன்று பேஸிலும் கரன்ட் ஓடுவதை வைத்து. ஆஃப் கொடுத்து 3 விநாடி கழித்தும் கரன்ட் இருந்தால் கான்டாக்டர் ஒட்டிவிட்டது என்று பொருள். அது சாதாரண அறிவிப்பு அல்ல, அழைப்பு போக வேண்டிய விஷயம்.

கரன்ட் வந்ததும் தானாக எடுக்கும் வசதியை எல்லோரும் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் 30 முதல் 180 விநாடிக்குள் ஏதோ ஒரு தாமதத்தை ஒவ்வொரு பெட்டியும் தானே தேர்ந்தெடுக்கட்டும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மோட்டார் அத்தனையும் ஒரே நொடியில் எடுத்தால் வோல்டேஜ் விழும், எதுவும் ஒழுங்காக எடுக்காது, எல்லாமும் சேர்ந்து சூடாகும். பெட்டி மேலேயே ஒரு பூட்டுச் சுவிட்சு வையுங்கள். அதைத் திருப்பினால் தொலைவிலிருந்து எந்தக் கட்டளையும் ஸ்டார்ட் கம்பியைத் தொடக் கூடாது. இது மென்பொருளில் வேண்டாம், கம்பியிலேயே அறுபட வேண்டும்.

ஓடிஏ அப்டேட் (தொலைவிலிருந்து மென்பொருளைப் புதுப்பிப்பது) என்றால் இரண்டு பார்ட்டிஷன், பூட் ஆகித் தன்னைத்தானே சோதித்த பிறகுதான் புதியதை உறுதி செய்வது. மோட்டார் ஓடும்போது அப்டேட் கூடாது. ரீசெட்டில் ஜிபிஐஓ (சிப்பின் உள்ளீடு-வெளியீட்டு) கால்கள் ஒரு கணம் ஆடும். ரிலே டிரைவருக்குப் புல்-டவுன் ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பெட்டி பூட் ஆகும்போதெல்லாம் ஸ்டார்ட் துடிப்பு போகும்.

சுருங்கச் சொன்னால், ஓடலாமா நிற்கலாமா என்ற முடிவை எடுப்பது பெட்டி. கிளவுட் கணக்கெழுதும் இடம் மட்டும்.

கோரையாறு:

நன்றி சார். ரிலேயும் கரன்ட் சென்சாரும் இன்றே மாறுகிறது. சிம் விஷயத்தில் ஒரு சந்தேகம். நாங்களே மொத்தமாக எம்2எம் (கருவிகளுக்கான) சிம் வாங்கிப் பெட்டியோடு கொடுத்தால் ரீசார்ஜ் தொல்லை இருக்காதே?

வரப்புத்தவளை:

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 13 இலக்க எம்2எம் சிம்மில் குரலும் எஸ்எம்எஸ்ஸும் முன்கூட்டிப் பதிந்த ஒரு சில எண்களுக்கு மட்டும்தான். அப்பா, மகன், குத்தகைக்காரர், மடை பார்க்கிற ஆள் என்று நாலைந்து பேர் கூப்பிடும் இடத்தில் அது இடிக்கும். போதாக்குறைக்கு நீங்கள் தொலைத்தொடர்புத் துறையில் எம்2எம் சேவையாளராகப் பதிய வேண்டும். டேட்டா மட்டும் போதும் என்றால் எம்2எம் சரி. அழைப்பு வேண்டுமென்றால் விவசாயியின் பெயரிலேயே சாதாரண சிம். உங்கள் பெயரில் வாங்கித் தள்ளவும் முடியாது, ஒருவருக்கு 9 சிம்தான் உச்சம். அந்தச் சிம்மின் செல்லுபடி முடிவதற்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டுங்கள். முடிந்த பிறகு பெட்டி எதையும் அனுப்பாது.

மூணுமா:

நிரல் எழுதுவது என் தொழில், நிலம் வலங்கைமான் பக்கம். விற்பனை பற்றி மட்டும் ஒரு வார்த்தை.

“மின்சாரம் மிச்சம்” என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள். இங்கே விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், மிச்சமானால் யாருக்கு லாபம்? மும்முனை ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்கிறார்களே, அந்த நடையை நிறுத்துவதற்குத்தான் காசு தருவார்கள். அடுத்தது ரீவைண்டிங் செலவு. நீர்மூழ்கி மோட்டார் வெந்தால் குழாயைத் தூக்க ஆள்கூலி, வண்டி, காயில் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, அதற்குள் நாற்றங்கால் காய்வது. குறுவை நடவுச் சமயத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் முதலீட்டாளருக்குப் புரிய வையுங்கள். மாதச் சந்தா நடக்காது. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் போரே ஓடாது, அப்போது எதற்குச் சந்தா என்பார்கள். பெட்டி விலையோடு இரண்டு வருடச் சேவை என்று சேர்த்து விடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை இந்த வகைக் கருவிக்கு மானியம் தருகிறது. அந்தப் பட்டியலுக்குள் வருவது எந்த ஏஐயையும்விட விற்பனையைத் தூக்கும்.

ஏஐ வேண்டுமென்று அடம் பிடித்தால் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதைச் செய்யுங்கள். அதற்கும் நியூரல் நெட்வொர்க் வேண்டாம். 30 சென்டிமீட்டர் குழாயில் கீழ்ப்பாதியைத் துளையிட்டு வயலில் பாதி புதைப்பது. உள்ளே நீர்மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே போனால் ஆன், மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டர் நின்றால் ஆஃப். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. குழாய்க்குள் அல்ட்ராசோனிக் வேண்டாம், உள்ளே ஆவி படிந்து பொய் சொல்லும், சிலந்தி வலை கட்டும். இரண்டு ரீட் மிதவைச் சுவிட்சு போதும். லோராவுக்கு வேலை இருப்பது இந்தக் குழாயில்தான்.

அழைப்பா ஆப்பா என்றால் இரண்டும். ஆனால் அழைப்பை எடுத்துப் பேசும் பெட்டியாக இருக்கட்டும். “மோட்டார் ஓடுது, மூணு பேஸும் இருக்கு. நிறுத்த 2 அமுக்குங்க.” இதைத் தமிழில் சொன்னால் என் மாமா வயதில் உள்ளவர்கள் ஆப் பக்கமே போக மாட்டார்கள். ஆப் அவர்களின் பிள்ளைகளுக்கு, திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்து பார்க்க.

வரப்புத்தவளை:

அதில் ஒன்று. 2 அமுக்குவதைப் படிக்கும் டிடிஎம்எப் கண்டறிதல் சிம்800இல் ஒரே கட்டளை, நன்றாகவே வேலை செய்யும். வோல்ட்இ அழைப்பில் ஒவ்வொரு மாட்யூலும் ஒவ்வொரு விதம். ஆர்டர் போடும் முன் மூன்று நிறுவன சிம்மிலும் நீங்களே அழைத்து, எண்ணை வேகமாகவும் மெதுவாகவும் அமுக்கிப் பாருங்கள்.

ஸ்டார்_டெல்டா:

பெட்டியை மூடும் முன் கம்பி நுழையும் ஓட்டைகளுக்கு கிளாண்ட் போட்டு, காலியாக இருக்கிற ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். பலகைக்கு மேல் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் பூச்சு). மழை தொடங்கினால் எறும்பு முட்டையோடு குடியேறும், பின்னாலேயே பல்லி வரும். ரிலேயின் இரண்டு முனைக்கு நடுவே பல்லி படுத்தால் ஓவர்லோடும் காப்பாற்றாது, மீட்டரிங் சிப்பும் காப்பாற்றாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கொண்டுபோவதானால் உப்புக்காற்று இருக்கிறது, தகரப் பெட்டியை விட்டுவிட்டு பாலிகார்பனேட்டுக்கு மாறுங்கள். ஆன்டெனாவும் உள்ளேயே இருந்துவிடலாம்.